கைப்பிடியில் இருந்தவர்

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும்போது கிடைத்தது. ஓர் எழுத்தாளன் வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான இடம் இல்லைதான். கனவிலோ நெடும்பயணத்திலோ கிடைத்திருந்தால் முன்னுரைக்கு உதவியிருக்கும்.

என் வீடு இரண்டாம் மாடியில். பின்பக்க பால்கனிக்குக் கீழே ஒரு சந்து. அது முடியும் மூலையில், எப்போதோ மூடிவிட்ட ஒரு மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் ஈரத்துணியை உதறிக்கொண்டு நிற்கும்போது அந்த மூலையில் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும். ஓட்டி வருபவர் ஒரு பெண்மணி. பின்னால் ஓர் ஆண். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். இருவரும் இறங்குவார்கள். அந்த அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்துவிடுவார். ஆண் முன்சீட்டில் ஏறி, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி, முதல் கியரிலேயே மெயின் ரோட்டுக்குப் போவார். ஒவ்வொரு வாரமும் இதேதான்.

முதலில் வண்டித் திருட்டு என்று நினைத்தேன். பிறகு கள்ளத் தொடர்பு என்று நினைத்தேன். (இரண்டாவதை வைத்து நான்கு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அவர்கள் கணவன் மனைவி என்று தெரிந்ததும் கிழித்துப் போட்டேன். உண்மையால் எனக்கு நேர்ந்த நஷ்டங்களில் இது ஒன்று.)

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"பைக் வச்சிருக்கறவங்க ஏன் அந்த பைக்கை வாங்கறாங்க? அதைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க. ஜாலியா இருக்கட்டும்."

"எனக்கு பைக் ஓட்டவே தெரியாதே."

"அதனாலதான் கேக்கறேன். தெரிஞ்சவங்க எழுதினா நிறுத்த மாட்டாங்க."

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டுரைதான். நடுவில் எங்கோ கதையாகிவிட்டது.

2

தொடக்கங்கள்.

"மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து" — வேண்டாம். சக்கரத்தில் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.

"காலைக் கதிரொளி பெட்ரோல் டேங்கின் மீது பட்டுச் சிதற, கேப்டன் தன் கறுப்பு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கம்பீரமாக" — கேப்டனின் ஜிப் பாதி வழியில் நின்றுவிடும். காரணம் வயிறு. இந்த வாக்கியத்தில் வயிற்றுக்கு இடமில்லை.

சும்மா சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரே மாடல் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கனமான, பழைய தினுசு வண்டி. உரிமையாளர்கள் அதை 'யானை' என்பார்கள். அவர்களுடைய சங்கத்தின் பெயர் சுதந்திரச் சக்கரங்கள். அந்தச் சுதந்திரத்துக்கு ஒன்றரைப் பக்க விதிமுறை இருந்தது. எல்லோரும் கறுப்பு ஜாக்கெட் போட வேண்டும். வரிசையில் போக வேண்டும். முந்தக் கூடாது. யானை இல்லாதவர் உறுப்பினராக முடியாது. ஒரு வண்டிக்கு ஒரே உறுப்பினர்.

விதிகளை எழுதியவர் கேப்டன், அதாவது சங்கத் தலைவர். காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். ஊரில் யாரும் வண்டியிலிருந்து விழக்கூடாது என்று உளமார வேண்டிக்கொள்ளும் மனிதர்.

3

ஏன் இந்த வண்டி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

"இது வண்டி இல்ல சார், ஒரு உணர்வு" என்றார் கேப்டன். ஏறக்குறைய எல்லோருமே இதைத்தான் சொன்னார்கள். என்ன உணர்வு என்று கேட்டால் சூடே இல்லாத காபியை ஊதத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது காபியில்தான் கேப்டன் கொஞ்சம் இறங்கி வந்தார். "சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து கார்க்காரர் கண்ணாடியை இறக்கிட்டுப் பாப்பாரு. ஆபீஸ்ல என்னை யாரும் அப்படிப் பாக்கறதில்ல."

கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். புது வண்டியைப் பார்த்த அவருடைய மாமனார் கேட்ட முதல் கேள்வியே 'மைலேஜ் எவ்வளவு குடுக்குது?' என்பதுதானாம். இந்தச் சோகத்தை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவருக்கே 'மைலேஜ்' என்று பெயர் வந்துவிட்டது. "வாங்கின அன்னைக்கே பின்சீட்டைக் கழட்டி வச்சுட்டேன். இனிமே மாமனாரை அங்க கூட்டிட்டுப் போ, இங்க கூட்டிட்டுப் போன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?" கேட்டவற்றில் நேர்மையான பதில் இதுதான்.

பிறகு கடைசி நாற்காலியில் இருந்தவர். என் சந்து மூலைக்காரர்.

அவர் முப்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகும் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடிக்காரர்'. அடையாளம் தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. (கதாசிரியன் ஒளிந்திருப்பது நாகரிகம் என்று வைத்துக்கொள்வோம்.)

"சத்தத்துக்காகத் தம்பி" என்றார். "ஆமா, உங்க கண்ணாடி மூக்குல இறங்குதே, குடுங்க இப்படி." வாங்கி, காதில் மாட்டும் கம்பியை இரண்டு விரலால் லேசாக வளைத்துத் தந்தார். அன்றிலிருந்து அது இறங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் நன்றாகக் கதை சொல்பவர் அவர்தான். பாலத்தின் மேல், எதிரே பஸ் வரும்போது, லாரியை முந்திய கதையை எனக்குச் சொன்னார். மற்றவர்கள் முன்பே கேட்டிருந்தும் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கிளம்பும்போது அவர் மட்டும் முதல் கியரில், காலைத் தேய்த்துக்கொண்டே போனார்.

"நிதானமான மனுஷன்" என்றார் மைலேஜ் என்னிடம்.

வீட்டுக்கு வந்து கட்டுரையின் முக்கியமான வாக்கியத்தை எழுதினேன்: 'மனிதர்கள் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்லை, யாருடைய பக்கத்தில் நிற்பது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.' ஆசிரியரிடம் போனில் படித்துக் காட்டினேன். "இதை அட்டையிலயே போட்டுடறேன்" என்றார். அட்டையில் போடும் அளவுக்கு ஒரு வாக்கியம் அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

4

அந்த அம்மாள் விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. முதல் வரைவில் அவர் வாயே திறக்கவில்லை. "பொறுமையே உருவான அந்தப் பெண், கணவனின் ரகசியத்தைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு" என்று ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. அதை முடிக்க விடாமல் அவரே ஒருநாள் சந்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். கணவர் அப்போதுதான் மெயின் ரோட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"துணியெல்லாம் காஞ்சிடுச்சா தம்பி?"

என் கையில் ஒரு சட்டை இருந்தது. "இன்னும் ஈரமா இருக்கு மேடம்."

"இத்தனை மாசமாவா?"

இறங்கிப் போனேன். மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து பேசினோம். அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். (முந்தானையும் இல்லை. சுடிதார்.) கட்டுரை எழுதுகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க. ஆனா சரியா எழுதுங்க" என்றார்.

அவர் சொன்னது இதுதான். எதிரே பெரிய நிறுவனத்தின் கண்ணாடிக் கடை வந்ததும் கணவர் தன் கடையை மூட வேண்டியதாயிற்று. கடை போனதைவிட, கடைக்கு வந்துபோன ஆட்கள் போனதுதான் அவரை உலுக்கிவிட்டது. "பிரிட்ஜ் ரிப்பேர் பண்ண வந்தவரை உக்கார வச்சு மத்தியானம் வரைக்கும் பேசிட்டு இருந்தாரு. பாவம், அவரு எழுந்திருக்கப் பாத்தா இவரு இன்னொரு டீ வேணுமான்னு கேப்பாரு." அப்போதுதான் யானையை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிடைத்தது. மனிதர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

சில மாதத்தில், ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறை சுழன்றது. காதுக்குள் உள்ள கோளாறு, எப்போது வேண்டுமானாலும் தலை சுற்றும், வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

"வித்துடலாம்னேன். வண்டி போனாப் போகட்டும், ஞாயித்துக்கிழமை போயிடுமேன்னாரு. வண்டி இல்லன்னா மெம்பர் இல்லையாம். சரின்னு நான் பழகினேன்."

"இவ்வளவு பெரிய வண்டியையா?"

"ஸ்கூட்டர் ஓட்டுவேன். இதைக் காலேஜ் மைதானத்துல பழகினேன். முதல் நாள் அது என் மேல சாஞ்சுது. நானும் சாஞ்சேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம்."

மூலைவரை இந்த அம்மாள் ஓட்டுவார். அங்கிருந்து கடைவரை உள்ள ஒரே ஒரு நேர்த்தெருவை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கணவர் ஓட்டுவார். திரும்பும்போதும் இதே மூலையில் மாறிக்கொள்வார்கள்.

"அவருக்காக இவ்வளவு பண்றீங்க" என்றேன். என் வரைவைக் காப்பாற்றும் கடைசி முயற்சி.

"அவருக்காகன்னுதான் ஆரம்பிச்சேன்." துணிப்பைக்குள் இருந்த ஹெல்மெட்டைக் கையால் உருட்டினார். "இப்போ வாரம் பூரா இதை நெனச்சிட்டு இருக்கேன். ரத்தம் எடுக்கும்போதுகூட. ஞாயித்துக்கிழமை வந்தா நல்லா ஓட்டிட்டு வருவேன், உடனே இந்த மூலை வந்துடும். இறங்கணும்."

"நீங்களும் அந்தக் கூட்டத்துல சேரணும்னு…"

"அந்தக் கூட்டம் யாருக்கு வேணும்? காபி குடிச்சிட்டு டயரைப் பத்திப் பேசறாங்க. எனக்கு வண்டி ஓட்டணும் தம்பி. அவ்வளவுதான்."

அவருக்கு ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டாம். இவருக்கு வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டாம். என் அட்டை வாக்கியம் பாதிக் குடும்பத்துக்குத்தான் பொருந்தியது. ஆசிரியருக்குப் போன் செய்தேன். அட்டை அச்சுக்குப் போய்விட்டதாம்.

5

இனிக் கதை நகர வேண்டும். நகர்த்தியது கேப்டன்.

சங்கம் வருடத்துக்கு ஒரு முறை மலைமேல் உள்ள ஏரிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிடும், அல்லது வீட்டுக்கு உறவினர் வந்துவிடுவார். இம்முறை கேப்டன் காபிக் கடையில் எழுந்து நின்றார். "இந்த வருஷம் முதல் வண்டி நம்ம கண்ணாடிக்கார சாரோடது. நம்மள்ல மூத்தவர், நிதானமானவர். அவர் முன்னால போகட்டும், நாம பின்னால போவோம்." எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரரும் தட்டினார்.

எனக்கும் அழைப்பு வந்தது. மூட்டைகளும் உதிரிப் பாகங்களும் வரும் வேனில்.

கணவனும் மனைவியும் ஒரு திட்டம் போட்டார்கள். வழக்கம்போல் மூலையில் ஆள் மாறுவது. கடைக்கு முன்னால் கணவர் இன்ஜினின் பிளக் வயரை லேசாக இழுத்துவிட்டு, வண்டி கிளம்பவில்லை என்று சொல்லி, வேனில் ஏறிக்கொள்வது. எனக்குச் சொன்னது அந்த அம்மாள்தான். "இது ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் என்னத்தை இழுக்கறதுன்னு தெரியல" என்றார்.

6

அன்று காலை எல்லோரும் தயாராக நின்றோம். ஜாக்கெட்டுகள், கையுறைகள், பாதியில் நின்ற ஒரு ஜிப்.

யானையின் சத்தம் தெருவின் கோடியில் கேட்டது. தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் இல்லை. மூன்றாவது கியரில் வந்தது. கடை வாசலுக்குத் திரும்பும் இடத்தில் அழகாகச் சாய்ந்து, நிமிர்ந்து, கேப்டனின் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முன்னால் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பின்னால் இருந்தவர் கழற்றவில்லை.

(இங்கே ஓர் எழுத்தாளனுக்கு ஆசை வரும். கேப்டனை வில்லனாக்கலாம், "பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை" என்று ஒரு வசனம் கொடுக்கலாம். எழுதியும் பார்த்தேன். அவர் வாயில் அது உட்கார மறுத்தது.)

கண்ணாடிக்காரர் மெல்ல இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தலைசுத்தல் இருக்கு. ரொம்ப நாளா. இவதான் ஓட்டறா."

காபிக் கடையில் யாரோ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்போ பாலத்துல லாரியை ஓவர்டேக் பண்ணினது?" என்றார் மைலேஜ். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது யாருமே பண்ணல."

கேப்டன் போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளி விதிமுறைகளைப் படித்தார். ஒன்றரைப் பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றோம். அந்த அம்மாள் மட்டும் குனிந்து சங்கிலியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வண்டிக்கு ஒரு மெம்பர்னுதான் போட்டிருக்கு" என்றார் கேப்டன் கடைசியில். "மெம்பர்தான் ஓட்டணும்னு எங்கயும் போடல." தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் க்ளெய்ம் செக்‌ஷன்ல இருக்கறவன். எழுதாத விதியை வச்சு யாரையும் தள்ளுபடி பண்ண முடியாது. முதல் வண்டின்னா முதல் வண்டிதான். கிளம்புங்கம்மா."

அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து கணவரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் பின்சீட்டுக்குப் போகவில்லை. வேன் கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

7

வேன் டிரைவர் ரேடியோவைப் போட்டார், எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்தார், அணைத்துவிட்டார்.

"சொல்லலையே தம்பி அவ" என்றார் கண்ணாடிக்காரர். "மூலை வந்துது. இறங்கறதுக்குக் காலை நீட்டிட்டேன். நிறுத்தல. போய்க்கிட்டே இருக்கா."

"கேட்டீங்களா?"

"கத்தினேன். 'பிரேக் பிடிக்க மனசு வரலைங்க'ன்னு சொன்னா." கொஞ்சம் கழித்து, "நாலு பேர் முன்னால என்னை அவுத்துப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எழுத்தாளன் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் அவனுக்கே வேண்டிய வாக்கியமாக இருக்கும். சும்மா இருந்தேன்.

மலை ஆரம்பித்தது. கொண்டைஊசி வளைவு ஒன்றில் வேன் திரும்பியபோது, மேலே அடுத்த அடுக்கில் வண்டிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய வண்டி. வளைவுக்குள் அது சாய்வதும் நிமிர்வதும் கீழிருந்து முழுசாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டார்.

"இந்த வண்டி ஓடறதை நான் வெளியில இருந்து பாத்ததே இல்ல தம்பி."

அடுத்த வளைவில் அவரே சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு."

அதற்கடுத்த வளைவில்: "கொஞ்சம் அதிகமா சாய்க்கறா. டிரைவர், கொஞ்சம் வேகமாப் போங்க, பக்கத்துல போய்ப் பாக்கலாம்."

"சார், இது வேன்" என்றார் டிரைவர்.

ஏரிக்கரையில் எல்லோரும் அந்த அம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். மைலேஜ் தன் மாமனாரின் கேள்வியையே அவரிடம் கேட்டார். அவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று கேட்டார். கண்ணாடிக்காரர் தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கேப்டன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பு, பரிவு என்று ஏதாவது நடக்கும் என்று நான் அருகில் போய் நின்றேன்.

"அந்த லாரி கதை" என்றார் கேப்டன் ஏரியைப் பார்த்தபடி. "அதை நானும் ரெண்டு மூணு இடத்துல சொல்லியிருக்கேன்."

"என்னைப் பத்தியா?"

"இல்ல. நான் பண்ணினதா."

கண்ணாடிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எதிர்ல பஸ் வர்றதைச் சொன்னீங்களா? அது இல்லன்னா நிக்காது" என்றார். அரைமணி நேரம் இருவரும் டயரைப் பற்றிப் பேசினார்கள்.

8

முடிவுகள்.

அ) கணவர் மனைவியை மன்னிக்கிறார். (யார் யாரை மன்னிப்பது என்பதில் எனக்கே தெளிவில்லை. கைவிட்டேன்.)

ஆ) சங்கம் விதியைத் திருத்தி அந்த அம்மாளை உறுப்பினராக்குகிறது. நடந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் மூலையில் நிற்காமல் கடைவரை வந்து, கணவரை இறக்கிவிட்டு, அவர் காபி குடித்து முடிக்கும்வரை தனியாக எங்காவது ஓட்டிவிட்டு வருகிறார். ஒரு கட்டுரைக்கு இது போதும். ஆனால்

இ) திரும்பும் வழி இருக்கிறதே. மலையிலிருந்து இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்காரர் வேனுக்கு வரவில்லை. இருவரும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, அந்த அம்மாள் முன்னாலும் அவர் பின்னாலுமாகக் கிளம்பினார்கள். மற்ற வண்டிகள் முந்திப் போய்விட்டன. விதியை யார் பார்த்தார்கள், மழை. இவர்கள் வேனுக்குச் சற்று முன்னால் போனார்கள். மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது; மாத்திரை போட்டிருந்தேன். தூங்கிவிட்டேன். விழித்தபோது யானை காபிக் கடைக்கு முன்னால் நின்றிருந்தது. இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை எழுதியதை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். 'வழி நெடுக அந்த அம்மாளே ஓட்டினார்' என்று முடித்திருந்தேன்.

"அது தப்பு" என்றார் அந்த அம்மாள். "மலை இறங்கினதும் கால்வாய் ஓரமா நேர் ரோடு வருதுல்ல, அங்க நிறுத்தி மாத்திக்கிட்டோம். கடைசி வரைக்கும் இவருதான் ஓட்டினாரு. நான் பின்னால உக்காந்து வந்தேன்."

"என்ன பேச்சு பேசற" என்றார் கண்ணாடிக்காரர். "நிறுத்தினோம், வாஸ்தவம். மூக்கு சிந்தறதுக்கு நிறுத்தினோம். மறுபடியும் நீதான் ஓட்டின. நான்தான் பின்னால இருந்தேன், பாடிக்கிட்டு வந்தேன்."

"பாடினது நான்."

"நீயா பாடின? ஹெல்மெட்டுக்குள்ள உனக்கு எங்க கேக்கப் போகுது? நான் பாடினேன். அதுவும் கத்தி."

"உங்களுக்கு ஓட்டற கவனத்துல என் பாட்டு காதுல விழல. அதான்."

வேன் டிரைவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "வைப்பர் அடிச்சிக்கிட்டே இருந்துது சார். முன்னால ரெண்டு மஞ்சக் கோட்டு. ரெண்டும் ஒரே சைஸ்" என்றார். "நேராத்தான் போனாங்க. நல்லா போனாங்க."

டாக்டர் சொன்னதை நினைத்தால் அந்த அம்மாளே ஓட்டியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆசிரியர் முடிவு எங்கே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். எழுதிப் பார்க்கிறேன்:

'மழை. கால்வாய் ஓரமாக நேர்ச்சாலை. பின்சீட்டில் இருப்பவர் ஹெல்மெட்டுக்குள் உரக்கப் பாடிக்கொண்டு வருகிறார். கைப்பிடியில் இருப்பவர்'

இதற்கு மேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். யாரை முன்னால் உட்கார வைத்தாலும், நான் இல்லை, நான் பின்னால்தான் இருந்தேன் என்று அவர் உங்களோடு சண்டைக்கு வருவார்.